நேரே மந்திரியாக வருகிறவரிடம் என்ன கேட்பது?

பெருந்துறை வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டிருப்பதால், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மகளிருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி ஒன்றில் 2019 டிசம்பர் தேர்தலில் வென்று, 2025 ஜனவரி வரை ஐந்து ஆண்டுகள் தலைவராக இருந்தவர் அவர். கணவருடைய பெரியப்பா மகன் நூற்பாலை நடத்துகிறார், பொறியியல் படித்தவர், ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார், கண் சிகிச்சை முகாம் நடத்துகிறார். இதுவரை எந்தக் கட்சியிலும் உறுப்பினராகக்கூட இருந்ததில்லை. இப்போது ஒரு கட்சியில் சட்டமன்றத்துக்குச் சீட்டுப் பேசி முடித்தாகிவிட்டது என்றும், ஜெயித்தால் நேரே மந்திரி என்றும் பங்காளிகள் சந்தோஷத்தில் இருக்கிறார்கள். பவானியின் உபரிநீரைக் குளங்களுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் விடுபட்ட குளங்களுக்கு ஒரே வருடத்தில் தண்ணீர் கொண்டுவருவதாகவும், தவறினால் பதவியை விட்டு விலகுவதாகவும் முத்திரைத்தாளில் எழுதித் தருகிறேன் என்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் கூட்டம். அங்கே இந்தச் சகோதரி மகளிர் குழுக்களின் ஆதரவை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். தகப்பனார் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த நாலு ஏக்கர் தோட்டத்தை வங்கிக் கடனுக்கு ஜாமீனாகவும் வைக்க வேண்டும். தயங்கினால் கணவர் கேட்கிறார்: “படிச்சவரு, சொந்தக் காசு போட்டு வர்றாரு, திருட மாட்டாரு. இத்தனை வருஷம் அரசியல்ல இருந்தவங்க என்னத்தக் கிழிச்சாங்க? எம்.ஜி.ஆர். அரசியல் படிச்சுட்டா வந்தாரு?” சகோதரி முடிவில் எழுதுகிறார்: “எனக்கு அரசியல் தெரியாதுங்க. பஞ்சாயத்து மட்டுந்தான் பார்த்தேன். அனுபவம் வேணும்னு நான் நினைக்கறது சரியா, பொறாமையா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. பொறாமை என்று உங்களை நீங்களே சந்தேகப்படும் இடத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். நீங்கள் நினைப்பது சரி. ஆனால் எந்த அளவுக்குச் சரி, எங்கே அதற்கும் எல்லை உண்டு என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சட்டம் அனுபவம் கேட்பதில்லை

சட்டமன்ற உறுப்பினராக இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது நிறைந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், தகுதியிழப்பு எதுவும் இருக்கக் கூடாது. படிப்பையோ முன் அனுபவத்தையோ அரசியல் சாசனம் கேட்கவில்லை. சட்டமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவர்கூட ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்று 164-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆகவே “நேரே மந்திரி” என்பது சட்டப்படி நடக்கக் கூடியதே.

சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறவர்களுக்குத் தகுதி கேட்டுவிட்டு, அதை இயற்றுகிறவர்களுக்கு எதையும் வகுக்காமல் விட்டதில் தமக்கு வருத்தம் உண்டு என்று, சாசனம் நிறைவேறிய 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே ராஜேந்திர பிரசாத் பேசினார். ஆனாலும் அந்தக் கதவைத் திறந்தே வைத்தது சரி என்றுதான் நான் கருதுகிறேன். அனுபவத்தைச் சட்டமாக்கியிருந்தால் ஏற்கெனவே பதவியில் இருந்த குடும்பங்களைத் தவிர வேறு யாரும் உள்ளே நுழைந்திருக்க முடியாது. உங்களைப் போன்ற ஒரு பெண் ஊராட்சித் தலைவராகியிருக்கவும் முடியாது. சட்டம் கேட்காமல் விட்டதை வாக்காளர் கேட்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். அதைக் கேட்பதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆலை நடத்துவதும் அரசு நடத்துவதும்

ஆலையில் முதலாளி சொன்னால் நடக்கும். பிடிக்காதவரை நிறுத்தலாம், நஷ்டம் தரும் பிரிவை மூடலாம். அரசில் எந்த அமைச்சருக்கும் அந்த வசதி கிடையாது. எதிர்க்கட்சியை நிறுத்த முடியாது, நிதித்துறையைத் தாண்ட முடியாது, பக்கத்துத் துறை அமைச்சர் தன் கோப்பைத் தன் வேகத்தில்தான் அனுப்புவார், நீதிமன்றம் தடை கொடுத்தால் கட்டிய சுவரும் பாதியில் நிற்கும். தனக்குக் கட்டுப்படாதவர்களை வைத்துக்கொண்டு, தன்னை எதிர்ப்பவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டு ஒரு காரியத்தை முடிப்பதுதான் அரசியல் என்கிற தொழில். அதில் பழக்கம் இருக்கிறதா என்பதைத்தான் அனுபவம் என்று நான் சொல்கிறேன். எத்தனை வருடம் கரைவேட்டி கட்டினார் என்பது எனக்குக் கணக்கில்லை.

நான் இளம் வழக்கறிஞராக இருந்தபோது, மழை பொய்த்த ஒரு வருடத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு என்னிடம் வழக்குக் கொடுத்திருந்த ஒருவருடன் போயிருந்தேன். கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைக்காரர்கள் காய்ந்த கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து மேசைமேல் போட்டார்கள். புதிதாகப் பதவிக்கு வந்த, நன்றாகப் படித்த ஒருவர் எழுந்து, “இரண்டே நாளில் தண்ணீர் வரும், நான் பொறுப்பு” என்றார், கைதட்டினார்கள். பின்வரிசையில் முன்னாள் ஒன்றியத் தலைவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், பொறியாளரிடம் மெதுவாகக் கேட்டார்: “அணையில் இன்றைக்கு எத்தனை அடி? தலைமதகில் எத்தனை கனஅடி விடுகிறீர்கள்? எங்கள் மைலில் அளவுகோல் எவ்வளவு காட்டியது, அந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?”

இருநூறு கிலோமீட்டர் ஓடும் வாய்க்கால் அது. முழு அளவு விட்டாலே நொடிக்கு 2,300 கனஅடி. திறந்த தண்ணீர் இரண்டு நாளில் கடைமடைக்கு எட்டாது என்பது அந்த முன்னாள் தலைவருக்குத் தெரியும். அன்று இரவே வாய்க்கால் கரையில் ஜீப்பில் போய், குழாய் போட்டு உறிஞ்சிய இடங்களைத் தானே காட்டிக் கொடுத்தார். மேல்மடைக்காரர்களோடு விடிய விடியப் பேசி, கடைமடைக்கு ஒரு முறை தண்ணீர் விட (ஒரு நனைப்புக்கு) ஒத்துக்கொள்ள வைத்தார். அதிகமாகத் தண்ணீர் எடுத்தவர்களில் ஒருவர் அவருக்கே சம்பந்தி. முதல்வரிசையில் வாக்குக் கொடுத்தவர் கெட்டவர் இல்லை. அந்தச் செடியைப் பார்த்து அவர் கண் கலங்கியதை நானே கண்டேன். ஆனால் அவர் சொன்ன இரண்டு நாளை நம்பி மோட்டாருக்குக் கடன் வாங்காமல் இருந்தவர்களின் வெள்ளாமை போய்விட்டது.

உங்கள் குளங்களுக்கு வருகிறேன். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் பல பத்தாண்டுக் கோரிக்கை; 2019-இல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீரை நொடிக்கு 250 கனஅடி வீதம் 70 நாள் இறைத்தால் கிடைப்பது 1.5 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி), அதை 1,045 குளம் குட்டைகளுக்குப் பகிர வேண்டும். இதற்குமேல் ஒரு குளத்தைச் சேர்க்க வேண்டுமானால் கூடுதல் நீர் எங்கிருந்து என்ற கேள்வி முதலில் எழும். காவிரிப் படுகையில் தமிழ்நாட்டின் பங்கு 404.25 டிஎம்சி என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்துவிட்டது. பவானியும் அந்தக் கணக்குக்குள் அடங்கியதே. காலிங்கராயன் பாசனதாரர்கள் தங்கள் உரிமை நீர் குறையாது என்ற உறுதியைக் கேட்பார்கள், அது நியாயம். பிறகு நிதி ஒதுக்கீடு, குழாய் போகும் காட்டுக்காரர்களின் சம்மதம், ஒப்பந்தப்புள்ளி, மின் இணைப்பு. இந்த வரிசையில் ஒரு படியையும் உங்கள் உறவினர் குறிப்பிட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. “ஒரே வருடம்” என்று அவர் சொல்வதைப் பொய் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை கைகள் சேர்ந்தால் அது நடக்கும் என்பதை அவர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

“படித்தவர்” என்ற வாதத்துக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் இயற்பியலும் சட்டமும் படித்தவர். வேளாண் விஞ்ஞானி இல்லை. 1964-இல் மத்திய உணவு, வேளாண் அமைச்சரானபோது அவருக்குப் பின்னால் சுதந்திரப் போராட்டச் சிறைவாசம், அரசியல் நிர்ணய சபை, சென்னை மாகாணத்தில் 1952 முதல் பத்தாண்டு அமைச்சர் பணி, மத்தியில் உருக்குத் துறை எல்லாம் இருந்தன. விதையைப் பற்றிய அறிவை எம்.எஸ். சுவாமிநாதன் போன்றோர் தந்தார்கள். நிதியமைச்சகத்தின் தயக்கத்தையும் நாடாளுமன்றத்தின் எதிர்ப்பையும் தாண்டி, விவசாயிக்கு ஆதாய விலை கிடைக்க விலை ஆணையமும், கொள்முதலுக்கு இந்திய உணவுக் கழகமும் 1965-இல் அமையச் செய்து, 1966-இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்யும் முடிவை எடுத்தது அரசியல்வாதியின் வேலை. அதைக் கற்றுத்தரக் கல்லூரி கிடையாது. அவ்வளவு செய்தும் 1967 தேர்தலில் அவர் தோற்றார், 1971-இல் மறுபடி மக்களவைக்குப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். தோல்விக்குப் பிறகும் பொதுவாழ்வில் நிற்பதும் அந்தப் பயிற்சியில் சேர்ந்ததே.

“எம்.ஜி.ஆர். நேரே வரவில்லையா?”

வரவில்லை. உங்கள் கணவரிடம் இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். எம்.ஜி.ஆர். 1953-இல் தி.மு.க.வில் சேர்ந்தார், 1962-இல் மேலவை உறுப்பினர், 1967-இல் சட்டமன்ற உறுப்பினர், பிறகு கட்சியின் பொருளாளர், 1972-இல் தனிக் கட்சி, முதலமைச்சரானது 1977-இல். கணக்குப் பார்த்தால் இருபத்து நான்கு வருடம். ஜெயலலிதாவும் 1982-இல் கட்சியில் சேர்ந்து, கொள்கை பரப்புச் செயலாளர், மாநிலங்களவை உறுப்பினர், எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒன்பது ஆண்டுகள் கடந்துதான் 1991-இல் முதல்வரானார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய காமராஜர் 1954-இல் முதல்வரானபோது, மாநிலக் காங்கிரஸை அவர் முதலில் ஏற்று நடத்தத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. திரையில் பார்த்த முகம் நினைவில் நிற்கிறது. இடைப்பட்ட ஆண்டுகள் நினைவில் நிற்பதில்லை.

உண்மையாகவே நேரே வந்தவர் ஆந்திரத்தின் என்.டி. ராமாராவ். 1982 மார்ச்சில் கட்சி தொடங்கி 1983 ஜனவரியில் முதல்வரானார். அவரிடம் தைரியமும் நல்ல எண்ணமும் இருந்தன. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டத்தை ஆந்திரம் நமக்கு முன்பே கொண்டுவந்தது அவர் ஆட்சியில்தான். ஆனால் 1984 ஆகஸ்டில் தம் சொந்த அமைச்சரே கட்சியைப் பிளந்து, ஆளுநர் துணையோடு நாற்காலியைப் பிடிக்கும் வரை அது வருவதை அவர் தடுக்க முடியவில்லை. ஒரு மாதத்தில் பதவி திரும்பக் கிடைத்ததற்கு மக்கள் எழுச்சி ஒரு காரணம்; அவருடைய எம்.எல்.ஏ.க்களைக் கர்நாடகத்தில் பத்திரமாகத் தங்கவைத்த, பழுத்த எதிர்க்கட்சித் தலைவர்களின் கைப்பக்குவம் இன்னொரு காரணம்.

வருடக் கணக்கும் ஏமாற்றும்

உங்கள் கணவரின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. முப்பது வருடம் பதவியில் இருந்தும் தொகுதிக்கு ஒன்றும் செய்யாதவருக்கு இருப்பது தப்பிக்கும் அனுபவம் மட்டுமே. அதனால் வருடத்தை எண்ணாதீர்கள். எந்தப் பொறுப்பில் இருந்தார், அப்போது எதை முடித்தார், எதில் தோற்றார், தோற்றதை ஒப்புக்கொண்டாரா என்று பாருங்கள். வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் படிவம் 26-இல் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் இருக்கும்; 2002, 2003-ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த உரிமை அது. ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவரென்றால் சட்டமன்றத்தில் என்ன பேசினார், என்ன கேள்வி கேட்டார் என்பது அவைக்குறிப்பில் இருக்கும். புதியவரைப் பற்றி அப்படிப் புரட்டிப் பார்க்க ஏடு எதுவும் இல்லை. நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

தேர்தலில் நிற்காமலே வேறு வழியில் பொறுப்பைக் கற்றவர்களும் உண்டு. மன்மோகன் சிங் 1991-இல் நிதியமைச்சரானபோது தேர்தலில் வென்றவர் இல்லை. ஆனால் நிதித்துறைச் செயலாளராகவும் ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்தவர், மேலே நரசிம்ம ராவ் என்ற பழம்பெரும் அரசியல்வாதியின் துணையும் இருந்தது. உங்கள் உறவினருக்கு அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. முதலில் ஒன்றியக் குழுவிலோ மாவட்டக் குழுவிலோ ஒரு தவணை இருந்து வரட்டும் என்பது என் யோசனை. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோவை நகரசபையிலிருந்துதான் தொடங்கினார். பெரியார் ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்துவிட்டுத்தான் மாகாண அரசியலுக்கு வந்தார்.

உங்கள் ஐந்து வருடம்

“பஞ்சாயத்து மட்டுந்தான் பார்த்தேன்” என்று எழுதிய அதே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போர்வெல் மோட்டார் பழுதுக்கான காசோலையில் துணைத் தலைவர் மூன்று மாதம் கையெழுத்துப் போடாததைச் சொல்லியிருக்கிறீர்கள். வார்டு உறுப்பினர்கள் வீட்டுக்கு ஒவ்வொருவராகப் போய்ப் பேசினீர்கள், தீர்மானம் போட்டீர்கள், வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுத்தீர்கள், உங்களுக்கு ஓட்டுப் போடாத தெருவுக்கும் அதுவரை டிராக்டரில் தண்ணீர் அனுப்பினீர்கள். கிராம சபையில் ஒருவர் மைக்கைப் பிடுங்கித் திட்டியபோது வரவு செலவைப் படித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள். சகோதரி, இதுதான் அரசியல் அனுபவம். சட்டமன்றத்தில் ஒரு துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை நிறைவேறுவதும் இதே வேலையின் பெரிய வடிவம்தான். உங்கள் பங்காளிகள் கூட்டத்தில் இதைச் செய்து பார்த்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமே என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. உங்களை மேடையில் பேசச் சொல்கிறார்கள், அபிப்பிராயம் மட்டும் கேட்கவில்லை.

பத்திரமும் தோட்டமும்

முத்திரைத்தாளில் எழுதித் தரும் ராஜினாமா வாக்குறுதிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பொதுப் பதவியைப் பேரமாக்கும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் செயல்படுத்தாது. விலகல் கடிதம் தாமாக, உண்மையாகக் கொடுக்கப்பட்டதா என்று பேரவைத் தலைவர் திருப்தியடைந்தால்தான் ஏற்பார் என்று சாசனத்தின் 190-ஆவது பிரிவே சொல்கிறது. சட்டமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை நம் நாட்டில் வாக்காளருக்கு இல்லை. ஐந்து வருடத்துக்குத் திருத்த முடியாத முடிவு என்பதால்தான் முன்கூட்டியே இவ்வளவு கேட்க வேண்டியிருக்கிறது.

தோட்டம் உங்கள் தனிச் சொத்து. கணவரோ பங்காளிகளோ உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஜாமீன் போட்டால், கடன் வாங்கியவரைக் கேட்காமலே வங்கி உங்களைக் கேட்கலாம். ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவு ஜாமீன்தாரரையும் கடனாளியையும் ஒரே தட்டில் வைக்கிறது. கடனுக்கு ஈடாக மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதும் அடமானம்தான். சட்டமன்ற வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 40 லட்சம். சொந்தக் காசு போடுகிறவருக்கு அதற்கு உங்கள் நாலு ஏக்கர் எதற்கு? கையெழுத்துப் போடாதீர்கள்.

கோயில் வளாகத்தில் தேர்தல் ஆதரவுக் கூட்டம் போடுவதும் தவறு. மத நிறுவனங்களின் இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சாதியின் பெயரால் ஓட்டுக் கேட்பது தேர்தலையே செல்லாததாக்கும் முறைகேடு. கூட்டத்தை யாராவது வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். அது வேட்பாளருக்கும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை

ஆதரிக்கவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம், கேளுங்கள். ஆலையின் பெயரிலோ தம் பெயரிலோ மாநில அரசுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தம் ஏதும் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் பெயரில் இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவில் வேட்புமனுவே தள்ளுபடியாகும். குளத்துக்கான கூடுதல் தண்ணீர் யார் கணக்கிலிருந்து வரும் என்று கேளுங்கள். கட்சி ஒரு மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போடச் சொல்லி, அது நம் விவசாயிகளுக்குக் கெடுதல் என்று அவருக்குத் தெரிந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். கட்சித் தாவல் தடைச் சட்டத்தில், இப்படி ஓட்டுப் போடு என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம் என்பது அவருக்குத் தெரிகிறதா என்பதும் அந்தப் பதிலிலேயே வெளிப்படும். இதுவரை அவரை எதிர்த்த ஒருவரைச் சம்மதிக்க வைத்து முடித்த காரியம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். ஆலைத் தொழிலாளரோடு ஏற்பட்ட ஒரு தகராறைத் தீர்த்த விதமாக இருந்தாலும் போதும், அதுவும் அனுபவத்தின் தொடக்கம்தான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, “நீ எப்படிச் செய்தாய் அம்மணி?” என்று அவர் உங்களிடம் திருப்பிக் கேட்டால், அவருக்காக மகளிர் குழுக்களிடம் பேசுவதைப் பற்றி யோசியுங்கள். கேள்விக்கே கோபப்பட்டால் எழுந்து வந்துவிடலாம். மோட்டார் பழுதுக்குப் போட்ட அந்தத் தீர்மானத்தின் நகல் வீட்டில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதல் தேதிக்கும் கடைசிக் கையெழுத்துக்கும் நடுவில் எத்தனை நாள் ஆயிற்று என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும்.